நான்கு தடம், 64 வரிசை: டிராக்கர் ஃபைல்கள் ஒரு தலைமுறைக்கு இசை கற்றுக்கொடுத்த கதை

நான்குதடம் எழுதியது:

போன வாரம் இன்னோர் இழையில் ஒரு நண்பர், "லேப்டாப் விலை இறங்கியது, அதனால்தான் யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து எலக்ட்ரானிக் இசை செய்ய முடிந்தது" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் போட்டால் அந்த இழை வேறு பக்கம் போய்விடும். அதனால் தனி இழை.

விலை ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. 80களின் கடைசியிலும் 90களிலும் வீட்டுக் கம்ப்யூட்டரில் இசை செய்தவர்கள், பாட்டை அனுப்பும்போது கூடவே பட்டறையையும் அனுப்பினார்கள்.

1987ல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்ற ஜெர்மானியர் கமோடோர் கம்பெனியின் அமிகா என்ற வீட்டுக் கம்ப்யூட்டருக்காக அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் என்ற மென்பொருளை எழுதினார். கடையில் அது எடுபடவில்லை. ஆனால் மற்ற புரோகிராமர்கள் அதைப் பிரித்துப் போட்டு, குறைகளைச் சரிசெய்து, காசில்லாமல் சுற்றுக்கு விட்டார்கள். நாய்ஸ்டிராக்கர், புரோடிராக்கர் எல்லாம் அந்த வம்சம்தான். இந்த வகை இசை மென்பொருளுக்கே டிராக்கர் என்று பேர்.

திரையில் என்ன தெரியும் என்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நான்கு பத்திகள். ஒவ்வொன்றும் ஒரு தடம். நோட்டுகள் இடமிருந்து வலமாகப் போகாது, மேலிருந்து கீழே இறங்கும். ஒரு பக்கத்துக்கு 64 வரிசை. ஒவ்வொரு கட்டத்திலும் எந்த ஸ்வரம், எந்த சாம்பிள் (பதிவு செய்த சின்ன ஒலித்துண்டு), அதை என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை, இவ்வளவுதான். ஒரு கட்டத்துக்கு 4 பைட். கணக்குப் போட்டால் ஒரு முழுப் பக்கம் சரியாக 1024 பைட். ஒரு டிரம் அடியை ஒரே ஒருமுறை ஃபைலில் வைத்துவிட்டு 500 தடவை அடிக்கலாம். அதனால் முழுப் பாட்டும் சாதாரணமாக 100, 200 கேபிக்குள் அடங்கிவிடும். இதுதான் மோட் ஃபைல்.

அந்த ஃபைலைக் கேட்க வேண்டுமானாலும் பெரும்பாலும் டிராக்கரில்தான் திறப்பீர்கள். திறந்தால் எல்லாமே கண்ணுக்குத் தெரியும்.

2000ஆம் ஆண்டில் நான் பிளஸ் டூ. எங்கள் ஊர் கம்ப்யூட்டர் சென்டரில், ஏதோ பத்திரிகையோடு வந்த ஒரு சிடியில் டிராக்கரும் ஐம்பது அறுபது மோட் ஃபைல்களும் இருந்தன. ஒரு பாட்டில் வீணை மாதிரி ஒரு சத்தத்துக்குப் பெரிய மண்டபத்தில் கேட்பதுபோல எதிரொலி வந்தது. விலை உயர்ந்த எக்கோ கருவி இருந்தால்தான் அது வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மூன்று தடங்களை மியூட் செய்துவிட்டு ஒன்றை மட்டும் ஓட்டினேன். அப்புறம் பக்கத்துத் தடத்தை மட்டும். பார்த்தால் அதே ஸ்வரங்கள், மூன்று வரிசை தள்ளி, ஒவ்வொன்றிலும் சி20 என்ற கட்டளையோடு. பதினாறு அடிமானத்தில் 20 என்றால் 32. முழு வால்யூம் 64. பாதிச் சத்தத்தில் கொஞ்சம் தாமதமாக இன்னொரு முறை வாசித்திருக்கிறார், அவ்வளவே. எக்கோ என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சொல்லிக்கொடுத்தவர் யார், எந்த ஊர் என்று இன்றுவரை தெரியாது.

மற்றவர்கள் அனுபவத்தையும் கேட்க ஆசை.

---

சித்திரைக்காற்று எழுதியது:

நல்ல இழை அண்ணே. ஆனால் அமிகாவை மட்டும் சொன்னால் கதை பாதியில் நிற்கும்.

நான் ஸ்டுடியோக்களில் கீபோர்டு புரோகிராமிங் செய்கிறவன். எங்கள் துறையில் மூத்தவர்கள் கும்பிடும் கம்ப்யூட்டர் அடாரி எஸ்டி. 1985ல் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால்தான் மிடி வந்திருந்தது, கீபோர்டும் கம்ப்யூட்டரும் எந்த ஸ்வரம் என்று பேசிக்கொள்ள உதவும் பொது இணைப்பு. அடாரி அந்த மிடி இணைப்பைக் கம்ப்யூட்டர் பெட்டியிலேயே பொருத்திக் கொடுத்துவிட்டது. தனியாக எதுவும் வாங்க வேண்டாம், ஒரு வயரை நேராகக் கீபோர்டில் செருகலாம். 1989ல் கியூபேஸ் என்ற இசை மென்பொருள் வந்ததே அடாரியில்தான். ஃபேட்பாய் ஸ்லிம் என்ற நார்மன் குக் உலகமெல்லாம் பேர் வாங்கிய பிறகும் அடாரியை விடவில்லை. புதுக் கம்ப்யூட்டர்களைவிட அதில் தாளம் அசையாமல் நிற்கும் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால் கமோடோர் 64 இருக்கிறது. 1982. அதன் சிட் என்ற ஒலிச் சில்லை வடிவமைத்த பாப் யானஸ் சின்தசைசர் பைத்தியம். அதனால் விளையாட்டுக் கம்ப்யூட்டருக்குள் உண்மையான சின்தசைசரையே வைத்துவிட்டார். மூன்றே குரல். மூன்று குரலில் கார்டு, பேஸ், மெலடி, டிரம் எல்லாம் வேண்டும் என்றால் என்ன செய்வது? ஒரு குரலையே கார்டின் மூன்று ஸ்வரங்களுக்கும் மாற்றி மாற்றி, காது பிரித்தறிய முடியாத வேகத்தில் ஓடவிட்டார்கள். ராப் ஹப்பர்டு செய்த கேம் இசையைக் கேட்டுப் பாருங்கள். அந்த 'பிரிரிரி' என்ற நடுக்கம் அப்படிப் பிறந்ததுதான். இன்றைக்கு அந்த நடுக்கத்துக்காகவே பிளகின் விற்கிறார்கள்.

---

நான்குதடம் எழுதியது:

நீங்கள் சொன்ன நடுக்கம் மோட் ஃபைலிலும் வந்தது. கட்டளை 0. ஒரு கட்டத்தில் 047 என்று எழுதினால் அடிஸ்வரம், அதிலிருந்து 4 அரைச்சுரம், 7 அரைச்சுரம் என்று நொடிக்கு 50 தடவை மாறும். நம் பாஷையில் ச, அந்தர காந்தாரம், ப. 037 என்றால் காந்தாரம் சாதாரண காந்தாரம் ஆகிவிடும், சோகமாகக் கேட்கும். மேஜர், மைனர் என்றால் என்ன என்று எனக்கு அந்த இரண்டு எண்களில்தான் பிடிபட்டது.

அடாரி பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். அடாரியில் செய்த மிடி ஃபைலை நான் உங்களுக்குக் கொடுத்தால், என்னிடம் இருக்கும் அதே சாம்ப்ளரும் (ஒலித்துண்டுகளை வாசிக்கும் கருவி) சின்தசைசரும் உங்களிடமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு பாட்டு கேட்கும். அது ஸ்வரக்குறிப்பு எழுதிய தாள் மாதிரி. கேசட்டில் கொடுத்தால் சத்தம் கிடைக்கும், குறிப்பு கிடைக்காது. மோட் ஃபைலில் தாளும் வாத்தியமும் ஒரே பொட்டலத்தில் வந்தன.

பொட்டலம் சின்னதாக இருந்ததும் முக்கியம். போன் கம்பியில் ஓடும் 28.8 மோடம் உச்ச வேகத்தில் ஓடினாலும் நொடிக்கு 3,600 பைட்தான். 200 கேபி மோட் ஃபைல் ஒரு நிமிடத்தில் இறங்கும். அதே 4 நிமிடப் பாட்டு சிடி தரத்தில் 42 எம்பி. மூன்றே கால் மணி நேரம், அதுவும் நடுவில் யாரும் போனை எடுக்காமல் இருந்தால். எம்பி3 வந்த பிறகுகூட 4 எம்பி இறங்க இருபது நிமிடம். அந்தக் காலத்துக் கம்பி வழியாகப் போகக்கூடிய ஒரே முழுப் பாட்டு மோட்தான். அது திறந்த வடிவமாக இருந்தது நம் அதிர்ஷ்டம்.

---

வடலி எழுதியது:

கம்பிக்கு முதல் தபால் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

நான் நோர்வேயில் வளர்ந்த ஆள். 80களின் கடைசியில் குடும்பத்தோடு வந்து சேர்ந்தோம். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெடியனிடம் அமிகா 500 இருந்தது. அவன் டெமோ, அதாவது படமும் இசையும் சேர்ந்து ஓடும் சின்ன நிரல், செய்கிற ஒரு குழுவில் 'ஸ்வாப்பர்'. வேலை என்னவென்றால் ஐரோப்பா முழுக்க உள்ள மற்றக் குழுக்களுக்கு ஃபிளாப்பி அனுப்புவதும் வாங்குவதும். ஒரு ஃபிளாப்பியில் 880 கேபி. அதில் டெமோக்கள், ஆறேழு மோட், மிச்சம் இருக்கிற இடத்தில் கடிதம். கடிதத்தையும் ஃபிளாப்பியிலேயே எழுதுவார்கள். முத்திரைக்குக் காசு காணாது. அதனால் முத்திரையின் மேல் மெல்லிசாகப் பசை பூசி அனுப்புவான். மற்றப் பக்கத்தில் உள்ளவன் பசையோடு சேர்த்துத் தபால் கந்தோர் குத்தின மையைக் கழுவிவிட்டு, அதே முத்திரையைத் திருப்பி அனுப்புவான். அது சரியான வேலை இல்லைதான். ஆனால் அவ்வளவு கைச்செலவில்லாத பெடியன்கள் அவர்கள்.

இன்னொன்று. மோட் ஃபைலில் 31 சாம்பிளுக்குப் பெயர் எழுத இடம் இருக்கு, ஒவ்வொன்றுக்கும் 22 எழுத்து. ஒருவரும் அதில் 'பேஸ் டிரம்', 'ஸ்நேர்' என்று எழுதி வீணாக்கவில்லை. அந்த 31 வரியையும் ஒரு கடிதமாக எழுதினார்கள். இந்தப் பாட்டை எந்த நாள், என்ன மனநிலையில் செய்தேன், யார் யாருக்கு வணக்கம், என் விலாசம் இது, ஃபிளாப்பி அனுப்புங்கோ. நாங்கள் அதைப் பாட்டுக் கேட்க முதல் வாசிப்போம். எனக்கு நோர்வேஜிய மொழி ஒழுங்காக வராத காலத்தில், ஆங்கிலம் வாசிக்கப் பழகினது பாதி அந்த வரிகளில்தான்.

1996ஆம் ஆண்டு ஈஸ்டர் லீவுக்கு ஹாமாரில் நடந்த 'தி கேதரிங்' என்ற கணினி விழாவுக்குப் போனேன். ஒலிம்பிக்குக்காகக் கட்டின வைக்கிங் கப்பல் மண்டபம். உள்ளுக்குள் முழுக்க மேசை, கணினி, படுக்கைப் பை. இசைப் போட்டியில் பாட்டுப் போடும்போது அவ்வளவு பெரிய மண்டபம் அமைதியாக இருந்து கேட்டதை மறக்க ஏலாது. அண்டைக்குப் பாட்டுச் செய்தவர்களில் எத்தனையோ பேருக்கு ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது.

---

பொன்வண்டு எழுதியது:

படிக்க நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. வருத்தப்படாதீர்கள்.

முதலாவது, இந்தச் சாம்பிள்கள் எங்கிருந்து வந்தன? பாதிக்குமேல் யாரோ ஸ்டுடியோவில் வாசித்ததை உருவியது. 1969ல் வின்ஸ்டன்ஸ் குழுவின் டிரம்மர் கிரிகரி கோல்மன் ஒரு பாட்டின் நடுவே தனியாக நான்கு பார் வாசித்தார். ஏமென் பிரேக் என்று பேர் பெற்ற அந்தச் சில நொடியை எடுத்து எத்தனை ஆயிரம் பாட்டு செய்தார்கள்! ஜங்கிள், டிரம் அண்டு பேஸ் என்று ஒரு வகையே அதன்மேல் எழுந்தது. கோல்மன் 2006ல் ஏழையாகவே இறந்துபோனார். அவருக்கு ஒரு பைசா வரவில்லை. 2015ல் ரசிகர்கள் நிதி திரட்டி 24,000 பவுண்டு கொடுத்தார்கள், அதுவும் குழுத் தலைவர் ரிச்சர்டு ஸ்பென்சருக்குப் போனது. வாசித்தவர் உயிரோடு இல்லை. 'பட்டறையைப் பகிர்ந்துகொண்டோம்' என்று சொல்லும்போது இந்தக் கணக்கும் மனதில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, இது ஒரு சின்ன வட்டம். ஐரோப்பிய ஆண் பிள்ளைகள், அதிலும் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கித் தரும் வசதி உள்ளவர்கள். வெளியே எவ்வளவு போனது?

---

நான்குதடம் எழுதியது:

கோல்மன் விஷயத்தில் நீங்கள் சொன்னது நியாயம். அந்த அநியாயத்தை நானும் மறைக்க விரும்பவில்லை. ஸ்டுடியோவில் இருந்தவர்களும் பெரிய கம்பெனிகளும் அதே சாம்பிளை எடுத்தார்கள், சம்பாதித்தார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் எங்கள் பக்கத்தின் தவறு அதனால் குறையாது.

'வெளியே எவ்வளவு போனது' என்பதற்குப் பதில் இருக்கிறது. 1992ல் பிரிட்டிஷ் பாடல் தரவரிசைக்குப் போன அர்பன் ஷேக்டவுன் குழு அமிகாவில் வேலை செய்தது. டென்மார்க்கின் யெஸ்பர் கிட் அமிகா டெமோக்களுக்கு இசை செய்து பழகியவர். பிறகு ஹிட்மேன், அசாசின்ஸ் கிரீட் கேம்களுக்கு இசையமைத்தார். கால்வின் ஹாரிஸ் 2007ல் வந்த முதல் ஆல்பத்தை ஸ்காட்லாந்தில் தன் வீட்டில் அமிகாவை வைத்துத்தான் செய்தார். 1998ல் வந்த அன்ரியல், 2000ல் வந்த டியூஸ் எக்ஸ், இரண்டு கேமிலும் டிராக்கர் ஃபைல்கள்தான் இசை. ஃபின்லாந்தின் ஃபியூச்சர் க்ரூ என்ற டெமோ குழுவில் பர்ப்பிள் மோஷன் என்ற பெயரில் இசை செய்த யொன்னே வால்டோனென் பின்னாளில் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுகிறவராக ஆனார்.

ஜங்கிள் இசையைப் பற்றிப் பேச்சு வந்ததால் கட்டளை 9ஐயும் சொல்லிவிடுகிறேன். அது சாம்பிளை நடுவிலிருந்து தொடங்கச் சொல்லும். 940 என்று எழுதினால் 16,384ஆவது பைட்டிலிருந்து ஒலிக்கும். 32 கேபி டிரம் லூப் என்றால் சரியாகப் பாதி. கட்டளையே இல்லாத தொடக்கம், பிறகு 920, 940, 960 என்று நாலு இடம் தெரிந்தால் போதும், கத்தரிக்கோல் இல்லாமலே அந்த லூப்பை எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். வரிசைக்கு வரிசை எண்ணை மாற்றிப் பார்த்துப் பார்த்துத்தான் டிராக்கர்காரர்கள் அந்தத் துண்டாடிய தாளத்தைச் செய்தார்கள். ஸ்டுடியோ சாம்ப்ளரிலும் இது முடியும்தான். ஆனால் சாம்ப்ளரில் செய்ததை அடுத்தவன் திறந்து பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.

வசதி உள்ளவர்கள், ஆண்கள் என்றது பெரும்பாலும் சரி. நான் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவன், மணிக்கு 25 ரூபாய் கொடுத்து சென்டரில் உட்கார்ந்தவன். என்னை மாதிரி ஆட்களுக்கு அது எப்படியோ வந்து சேர்ந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

---

தகஜுணு எழுதியது:

அண்ணா, நான் இந்தத் தளத்துக்குப் புதுசு. மிருதங்கம் எட்டு வருடமாகக் கற்றுக்கொள்கிறேன். லேப்டாப்பில் எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருள் கொஞ்சம் பழக்கம். 64 வரிசை என்று படித்ததும் ஒரு யோசனை. 8 × 8 = 64, அப்படியென்றால் ஆதி தாளம் அதில் அப்படியே உட்காருமா? ஏழு எண்ணிக்கை உள்ள மிஸ்ர சாபு தாளம் வேண்டுமென்றால் என்ன செய்வது? எஃப்எல்லில் ஏழை வைத்தால் ஏதாவது ஒரு இடத்தில் இடிக்கிறது.

---

நான்குதடம் எழுதியது:

தங்கச்சி, இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேனோ என்று தோன்றுகிறது.

உட்காரும். ஓர் அட்சரத்துக்கு (ஓர் எண்ணிக்கைக்கு) 8 வரிசை வைத்தால் ஒரு பக்கம் ஓர் ஆவர்த்தனம் (ஒரு முழுச் சுற்று). 4 வரிசை வைத்தால் ஒரு பக்கத்தில் இரண்டு ஆவர்த்தனம். ஸ்பீடு என்ற வேக எண்ணை 6 என்று வைத்தால் ஒரு வரிசை 0.12 நொடி. அப்போது ஓர் அட்சரம் அரை நொடிக்குச் சற்றுக் குறைவாக வரும்.

மிஸ்ர சாபுவுக்கு டி கட்டளை. அது அந்த வரிசையோடு பக்கத்தை முடித்து அடுத்த பக்கத்துக்குப் போகச் சொல்லும். எண்ணிக்கை 0லிருந்து தொடங்கும். அதனால் 55ஆவது வரிசையில் டி00 என்று போடுங்கள். மொத்தம் 56 வரிசை, 7 × 8. தகிட தகதிமி, ஒவ்வோர் எழுத்துக்கும் 4 வரிசை, இரண்டு சுற்று. திஸ்ர நடையில் ஆதி தாளம் வேண்டுமானால் 47ஆவது வரிசையில் வெட்டுங்கள், 48 கிடைக்கும், அட்சரத்துக்கு 6. டிராக்கருக்கு நாலுநாலாகத்தான் எண்ண வேண்டும் என்ற பிடிவாதம் கிடையாது. வரிசைகள் இறங்கிக்கொண்டே இருக்கும், எங்கே சமம் என்று முடிவு செய்வது நாம்தான். 

வாயில் கொன்னக்கோல் சொல்கிறவர்களுக்கு மேலிருந்து கீழே இறங்கும் சொற்கட்டுப் பட்டியலைப் படிப்பது பழகின விஷயம். நீங்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வீர்கள்.

---

பொன்வண்டு எழுதியது:

கேள்வியும் பதிலும் அருமை. நான் என் வாதத்தை முடிக்கவில்லை, அதையும் கேளுங்கள்.

மோட் ஃபைலில் மனிதக் குரல் வராது. 'ஹே' என்று ஒரு கத்தல் வைக்கலாம். நான்கு நிமிடம் ஒருவர் பாடினால் எங்கே வைப்பீர்கள்? தனி ஆட்கள், கம்பெனி இல்லாத ஆட்கள், உண்மையில் வெளியே வந்தது ஒலிப்பதிவையே இணையத்தில் ஏற்ற முடிந்த பிறகுதான். 1993ல் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில் மாணவர்கள் சிலர் இன்டர்நெட் அண்டர்கிரவுண்டு மியூசிக் ஆர்க்கைவ் என்று தொடங்கினார்கள். ஒப்பந்தம் கிடைக்காத குழுக்களின் பாட்டுகளைச் சுருக்கி ஏற்றினார்கள். எம்பி3 என்ற பெயர்கூட அப்போது கிடையாது. அந்த மூன்றெழுத்துப் பின்னொட்டு 1995ல்தான் முடிவானது.

யாரும் தங்கள் பாட்டை ஏற்றக்கூடிய எம்பி3.காம் தளம் 1997ல் வந்தது. ஆயிரக்கணக்கான பேருக்கு அது முதல் மேடை.

---

வடலி எழுதியது:

குரல் என்று பொன்வண்டு சொன்னது சரி. எங்கட ஆட்களிலேயே உதாரணம் இருக்கு. எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம். ரோலண்டு எம்சி-505 என்ற ஒற்றைப் பெட்டியில் தாளம் போட்டுத்தான் அவ தொடங்கினவ. முதல் பாட்டு 2003ல் 500 இசைத்தட்டுத்தான் அடிச்சது. அது ஃபைலாக மாறி இணையத்தில் கை மாறி, ஆல்பம் வர முதலே அவவின்ட பேர் கிளப்புகளில் பரவிவிட்டது. 2005ல் வந்த முதல் ஆல்பத்துக்குத் தகப்பனின் பெயரைத்தான் வைத்தவ. அதெல்லாம் குரல் இல்லாமல் நடந்திருக்காது.

ஆனால் எம்பி3.காமில் இருந்ததெல்லாம் எங்கே? 2003 கடைசியில் தளம் கை மாறினபோது அவ்வளவு பாட்டையும் அழித்துவிட்டார்கள். மோட் ஃபைல்களைச் சேர்த்து வைக்கிற மோட் ஆர்க்கைவ் தளம் 1996ல் தொடங்கினது, இன்றைக்கும் இருக்கு. எங்கட பெடியன் 1991ல் செய்த ஒன்றைப் போன மாதம் இறக்கிக் கேட்டேன்.

---

சித்திரைக்காற்று எழுதியது:

நடுவில் ஒரு சின்னத் துணுக்கு. மோட் ஃபைலின் 1080ஆவது பைட்டில் 'எம்.கே.' என்று எழுதியிருக்கும். 31 சாம்பிள் வகை என்று அடையாளம் காட்ட. யார் அந்த எம்.கே.? நாய்ஸ்டிராக்கர் எழுதிய ஸ்வீடன்காரர்கள் மஹோனி, காக்டஸ் இருவரும் என்கிறார்கள் சிலர். இல்லை, அதற்கு முன்பே மைக்கேல் கிளெப்ஸ் போட்ட கையெழுத்து என்கிறார்கள் சிலர். இன்னும் சண்டை ஓயவில்லை. ஒபார்ஸ்கியின் முதல் வடிவத்தில் 15 சாம்பிள்தான், இந்தக் கையெழுத்தும் இல்லை.

---

நான்குதடம் எழுதியது:

பொன்வண்டு, குரல் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. நீங்கள் சொல்வது சரி. எம்பி3 இல்லாமல் பாடுகிறவர்கள் வந்திருக்க மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கம்பெனி இல்லாமல் இணையத்திலேயே ஆல்பம் வெளியிடும் 'நெட்லேபிள்' என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது? மோனோடோனிக் 1996ல் தொடங்கியபோது வெளியிட்டது டிராக்கர் ஃபைல்களைத்தான். எம்பி3க்குப் பிறகுதான் மாறியது. 2002ல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் வந்தபோது நெட்லேபிள்காரர்கள் அதை உடனே எடுத்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. பாட்டைக் கொடுத்துவிட்டுப் பேரை மட்டும் கேட்பது அவர்களுக்குப் பத்து வருடப் பழக்கம்.

மென்பொருளும் அப்படியே. ஃபாஸ்ட் டிராக்கர் 2, ஸ்வீடனின் டிரைட்டன் குழு, 1994. ஸ்கிரீம் டிராக்கர் 3, ஃபின்லாந்தின் ஃபியூச்சர் க்ரூ, அதே ஆண்டு. இம்பல்ஸ் டிராக்கர், ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி லிம், 1995. லிம் முழு மென்பொருளையும் இலவசமாகக் கொடுத்தார். ஸ்டீரியோ வேவ் ஃபைலாக எழுதும் சின்ன வசதிக்கு மட்டும் காசு கேட்டார். அதையும் யாரோ திருடிப் பரப்பினார்கள். அவர் மேற்கொண்டு வேலையை நிறுத்திவிட்டார். இதை எழுதும்போது இன்றைக்கும் வயிறு எரிகிறது. நான் முதலில் கற்றுக்கொண்ட டிராக்கர் அதுதான். 2014ல் அவர் மூலநிரல் முழுவதையும் வெளியிட்டார். திருடியவர்களும் அதைத் திறந்து படிக்கலாம்.

எனக்கு வலிப்பது இதுதான். இன்றைக்கு ஒரு தம்பி தன் புராஜெக்ட் ஃபைலை எனக்கு அனுப்பினால், திறந்ததும் வருவது 'இந்த பிளகின் இல்லை, அந்த சாம்பிள் கிடைக்கவில்லை' என்ற பட்டியல். கடைசியில் எம்பி3யாக அனுப்பு என்று சொல்லிவிடுகிறோம். அவன் என்ன செய்திருக்கிறான் என்று நானும் பார்க்க முடியாது, நான் செய்ததை அவனும் பார்க்க முடியாது.

---

தகஜுணு எழுதியது:

அண்ணா, மூன்று நாளாக உட்கார்ந்து செய்துவிட்டேன்! ஓபன்எம்பிடி என்ற டிராக்கரை இறக்கினேன். போனில் என் மிருதங்கத்தைப் பதிவு செய்து த, தீ, தொம், நம், சாப்பு என்று ஐந்து துண்டாக வெட்டி 8 பிட்டாக மாற்றினேன். 55ஆவது வரிசையில் டி00 போட்டதும் மிஸ்ர சாபு வழுக்கிக்கொண்டு போகிறது, எங்கேயும் இடிக்கவில்லை.

ஒரு சந்தேகம். முதல் தடத்தில் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியையும் இரண்டாவது தடத்தில் வலப்பக்கமான வலந்தலையையும் வைத்தேன். ஹெட்போனில் கேட்டால் தொப்பி இடது காதில் மட்டும், வலந்தலை வலது காதில் மட்டும் வருகிறது. ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?

---

நான்குதடம் எழுதியது:

தப்பே இல்லை. அமிகாவில் 1, 4ஆம் தடங்கள் இடது ஸ்பீக்கருக்கும் 2, 3ஆம் தடங்கள் வலதுக்கும் போகும்படி கம்பி இழுத்திருந்தார்கள். மோட் ஃபைல் இன்றும் அதைப் பின்பற்றுகிறது. பழைய பாட்டுகளை ஹெட்போனில் கேட்டால் இந்தப் பிரிவு பலருக்கு உறுத்தும், அமைப்பில் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் குறைக்காதீர்கள். மிருதங்கத்தை மடியில் வைத்து வாசிக்கிறவருக்குத் தொப்பி இடது கைப் பக்கம்தானே இருக்கிறது?

ஃபைலை அப்படியே இங்கே போடுங்கள். எம்பி3யாக மாற்ற வேண்டாம்.

---

தகஜுணு எழுதியது:

போட்டுவிட்டேன். 61 கேபி. சாம்பிள் பெயர் வரிகளில் வடலி அண்ணா சொன்ன மாதிரி கடிதம் எழுதியிருக்கிறேன். தமிழ் எழுத்து ஏறவில்லை, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினேன். முதல் வரி எங்கள் வாத்தியாருக்கு.

---

வடலி எழுதியது:

இறக்கித் திறந்து பார்த்தேன். ஒன்பதாவது வரியில் எனக்கும் வணக்கம் இருக்கு, நன்றி தங்கச்சி. மூன்றாம் தடம் சும்மா கிடக்கிறது. வலந்தலையை அதில் மூன்று வரிசை தள்ளி, சி20 போட்டு வைத்திருக்கிறேன். நாலாம் தடத்தில் ஒரு தம்புரா. 12ஆவது வரியில் என் பெயரையும் எழுதிவிட்டேன். புது ஃபைல் கீழே, இப்போது 88 கேபி. கேட்டுப் பார்த்து, பிடிக்காததை அழித்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கோ.